புதுச் சுவையும் பழைய பந்தியும்



மதுரைப் பட்டணத்தில் பொழுது சாய்ந்த பின்பு சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் பைபாஸ் ரோட்டிலும் நடந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமற் போகாது. எங்கு பார்த்தாலும் சாப்பாட்டுக் கடைகள். எந்தக் கடையின் பலகையைப் பார்த்தாலும் புதுப் பெயர்கள். பீட்சா தோசை என்கிறான். சேஷுவான் இட்லி என்கிறான். கோபி மஞ்சூரியன், ஷவர்மா, மோமோ, கொரியா தேசத்து நூடுல்ஸ் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. நம் இளைஞர்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள். நேற்றைக்குத் தின்றது இன்றைக்குப் பழசாகிவிட்டது என்று நாளைக்கு வேறொன்றைத் தேடுகிறார்கள்.

இதைப் பார்த்து வயிறெரிகிறவர்களும் உண்டு. "கலி முற்றிவிட்டது, ஆசாரம் போய்விட்டது" என்று ஒரு கூட்டம் புலம்புகிறது. "தமிழன் உணவு அழிகிறது, முன்னோர் உணவு அழிகிறது" என்று மற்றொரு கூட்டம் புலம்புகிறது. நம் இயக்கத் தோழர்களிலேயே சிலர் என்னிடம் வந்து, "இந்த ஓட்டல் பைத்தியத்தைக் கண்டித்து நீங்கள் ஒரு வியாசம் எழுத வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அவர்கள் எதிர்பார்த்தபடி எழுத என்னால் ஆகாது. ஏனென்றால் புதுச் சுவையைத் தேடுகிற விஷயத்தில் நான் அந்த இளைஞர்களின் பக்கமே நிற்கிறேன். எனக்கு அவர்களிடம் இருக்கிற சண்டை வேறு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் முன்னோர் உணவு என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம்.

நம் வீட்டுக் குழம்பில் மிளகாய் இல்லாமல் ஒரு நாள் சமையல் நடக்குமா? அந்த மிளகாய் எந்த ஊர்ச் சரக்கு? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் என்பவன் 1492இல் அந்தக் கண்டத்தை ஒட்டிய தீவுகளில் இறங்கினான். வாஸ்கோடகாமா என்பவன் 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு போர்த்துக்கீசியர் வியாபாரத்தின் வழியாகத்தான் மிளகாய் இந்நாட்டு மண்ணில் ஊன்றியது. அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான். சங்க நூல்களில் "கறி" என்ற சொல் மிளகையும் குறிக்கும். புதிதாக வந்த காய்க்கு ஒரு சொந்தப் பெயர்கூட இல்லாமல், மிளகைப் போலக் காரமாயிருக்கிற காய் என்று மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். ஆகவே பாண்டியன் அரண்மனையிலே மிளகாய்ச் சட்டினி கிடையாது. திருவள்ளுவர் சாப்பிட்ட குழம்பிலே தக்காளி கிடையாது. தக்காளியும், உருளைக்கிழங்கும், நிலக்கடலையும், மரவள்ளியும், கொய்யாவும், பப்பாளியும், முந்திரியும் எல்லாம் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவைகளேயாகும். நிலக்கடலையை நம் ஜனங்கள் இன்றைக்கும் சில ஜில்லாக்களில் மணிலாக்கொட்டை என்று சொல்லுகிறார்கள். மணிலா எங்கே, மானாமதுரை எங்கே?

இது நமக்குத் தெரியாவிட்டாலும் புரோகிதருக்குத் தெரியும். திதி, திவசம் என்றால் அந்தச் சமையலில் மிளகாய் கூடாது, மிளகுதான் போடவேண்டும். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு முதலியவைகள் கூடாது என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். செத்துப்போனவர்களுக்கு மிளகாய் ஆகாது, உயிரோடிருக்கிறவருக்கு ஆகும் என்றால் அர்த்தம் என்ன? மிளகாய் அந்நியச் சரக்கு என்பது சாஸ்திரம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நாக்கு கேட்கிறபடியால் மற்ற நாட்களில் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் அர்த்தம். பெருமாளுக்கு இந்த ஞாபகமும் இல்லை போலிருக்கிறது. திருப்பதி லட்டில் கிடக்கிற முந்திரிப் பருப்பு பிரேசில் தேசத்து மரத்தின் வித்து. அதை மிலேச்ச தேசத்துச் சரக்கு என்று சாமி ஒருநாளும் துப்பினதாகத் தகவல் இல்லை.

மதுரையின் பெருமை என்று நாம் சொல்லிக்கொள்கிற பண்டங்களைத்தான் பாருங்கள். ஜிகர்தண்டா என்கிறோம். அந்தப் பெயரே தமிழல்ல. ஜிகர் என்பது பாரசீகம். ஈரல், நெஞ்சு என்று பொருள். தண்டா என்றால் குளிர்ச்சி. வடக்கே இருந்து வந்த பெயரும், கடற்பாசியும், நம் ஊர் நன்னாரி சர்பத்தும், சுண்டக் காய்ச்சிய பாலும், மேல்நாட்டு ஐஸ்கிரீமும் ஒரே கண்ணாடிக் குவளையில் கூடிக் குடித்தனம் செய்கின்றன. எந்த மதமும் எந்த ஜாதியும் அந்தக் குவளைக்குள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அழகர் கோயிலில் மிளகும் சுக்கும் போட்டு நெய்யில் சுட்டு ஒரு தோசை பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சிம்மக்கல் கோனார் கடையில் தோசை மாவை ஊற்றி, அதன் மேலே முட்டையை ஊற்றி, அதற்கு மேலே ஆட்டுக்கறியைப் பரப்பிக் கறி தோசை என்று கொடுக்கிறார்கள். மாவு ஒன்றுதான். ஒன்று சாமி பெயரால் விலையாகிறது, மற்றொன்று சுவையின் பெயரால் விலையாகிறது. இதில் எது நாணயமான வியாபாரம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கோபி மஞ்சூரியன் கதை இன்னும் வேடிக்கையானது. மஞ்சூரியா என்பது சீன தேசத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள பிரதேசம். அங்குள்ளவர்களைப் பிடித்து இப்படியொரு பண்டம் உண்டா என்று கேட்டால் விழிப்பார்கள். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சத்துச் சமையற்காரரான நெல்சன் வாங் என்பவர், 1975ஆம் வருஷ வாக்கில் பம்பாயில், நம் ஊர்ப் பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டோடு சீனத்துச் சோயா ரசத்தைச் சேர்த்துக் கோழிக்கறியில் செய்தது அது என்று சொல்லுகிறார்கள். கோழி போய்ப் பூக்கோசு வந்து, பம்பாய் போய்ப் பட்டிதொட்டி வந்து, இன்றைக்கு மதுரையைச் சுற்றியுள்ள சந்தைகளிலும் திருவிழாக்களிலும் தள்ளுவண்டியில் விற்கிறது. ஒரு மனிதன் இரண்டு தேசத்துச் சுவையைக் கலந்தான். இரண்டு தேசமும் கெட்டுப் போகவில்லை.

ரொட்டி, பிஸ்கட்டைத் தொட்டால் ஜாதி போய்விடும் என்று பயந்து நடுங்கிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. இன்றைக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் "ஐயங்கார் பேக்கரி" என்ற பலகை வரவேற்கிறது. ரொட்டியால் போகும் என்றிருந்த ஜாதி, இப்பொழுது ரொட்டிக்கே விளம்பரமாய் வந்து நிற்கிறது. லாபம் இருக்கும் இடத்தில் ஆசாரம் எவ்வளவு சீக்கிரம் வளைந்து கொடுக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே, கலப்பினால் உணவு கெடும் என்பது பொய். கலப்பினால்தான் உணவே உண்டாயிற்று. தெரியாத காயை முதன்முதலில் கடித்துப் பார்த்தவன் தைரியசாலி. "இதை நம் அப்பன் தின்றானா, பாட்டன் தின்றானா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பட்டினிதான் கிடந்திருப்பான். இளைஞர்களின் நாக்கு துணிந்து புதியதைத் தேடுகிறதென்றால் அதை நான் வரவேற்கிறேன். உடம்புக்கு எது ஆகும், எவ்வளவு ஆகும் என்பது வைத்தியரைக் கேட்க வேண்டிய விஷயம். தினமும் மைதாவையும் எண்ணெயையும் தின்றால் உடம்பு கெடும் என்பது உண்மைதான். ஆனால் அது உடம்பின் கணக்கே தவிர ஆசாரத்தின் கணக்கல்ல.

நிற்க. இனி ஓட்டல் என்கிற ஸ்தாபனத்தைப் பற்றிச் சற்றுப் பார்ப்போம்.

வீட்டிலே சாப்பாடு போட்டால் ஜாதி கேட்டுப் போடுவார்கள். கோயிலிலே போட்டாலும் பந்தி பிரித்துப் போட்டார்கள். ஓட்டலிலோ காசு கொடுத்தவனுக்கு இலை. இந்த ஒரு காரணத்தினாலேயே ஓட்டலைச் சமதர்மத்தின் முதல் பள்ளிக்கூடம் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவும் தானாகத் திறக்கவில்லை. காப்பிக் கிளப்புகள் பெருகிய காலத்தில் "பிராமணாள்" என்று பலகை போட்டுக்கொண்டார்கள். உள்ளே ஒரு ஜாதிக்கு ஒரு பக்கம், மற்ற ஜாதிகளுக்கு வேறு பக்கம். ஆதிதிராவிடத் தோழர்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. வெளியே நின்றுதான் வாங்கிக் குடிக்க வேண்டும்.

சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரசின் பொதுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு, பார்ப்பனப் பிள்ளைகளுக்கு ஓரிடத்திலும் மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்திலும் சோறு போட்டார்கள். 1924, 1925ஆம் வருஷங்களில் பெரியார் ஈ.வெ.ரா.வும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துச் செய்த கிளர்ச்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒரு பந்திச் சோற்றிலே தொடங்கிய கேள்விதான் இந்த மாகாணத்தின் அரசியலையே புரட்டிப் போட்டது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுச் சாலைகளில் "பிராமணர், இதரர்" என்றிருந்த பிரிவினை 1941இல் நம் இயக்கத்தின் கிளர்ச்சிக்குப் பிறகு எடுபட்டது. சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே என்ற ஓட்டலின் "பிராமணாள்" என்ற சொல்லை அழிப்பதற்கு 1957இல் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து, கூட்டங்கூட்டமாகச் சிறை போக வேண்டியிருந்தது. அத்தோடு முடிந்ததா என்றால், 2012இல் ஸ்ரீரங்கத்தில் மறுபடியும் அதே சொல்லைப் பலகையில் ஏற்றியபோது திராவிடர் கழகத்தார் எதிர்ப்புக் காட்ட வேண்டி வந்தது.

இது நம் நாட்டின் விசேஷம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் வெள்ளைக்காரருக்கென்று ஒதுக்கிய சாப்பாட்டு மேஜையில் 1960ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1ஆம் தேதி நான்கு கறுப்பு மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒரு கோப்பை காப்பி கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றார்கள். இவர்கள் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் ஜூலை மாதத்திற்குள் அந்த மேஜை எல்லாருக்கும் திறந்துவிட்டது. நமக்குப் பக்கத்து நாடான மலையாளத்தில் சகோதரன் ஐயப்பன் அதற்கும் முன்னாலேயே, 1917இல், செறாயி என்ற ஊரில் ஈழவரையும் புலையரையும் ஒன்றாய் உட்கார வைத்து மிச்ரபோஜனம் நடத்தினார். அதற்காக அவரைப் "புலையன் ஐயப்பன்" என்று ஏசினார்கள். அவர் அந்தப் பெயரைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். உலகத்தில் எங்கு பார்த்தாலும், சமத்துவத்துக்கு முதல் சண்டை சட்டசபையிலே நடந்ததைவிடச் சாப்பாட்டு இலையிலேதான் அதிகம் நடந்திருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு வாலிபர் என்னைப் பார்க்க வந்தார். மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்காரர். பட்டணத்தில் உத்தியோகம். சனி, ஞாயிறு வந்தால் புதுப்புது ஓட்டல்களுக்குப் போவதே அவருக்கு வேலை. நல்லவர், நம் கூட்டங்களுக்கும் வருகிறவர். அவர் சொன்னார்: "அண்ணே, நம்ம ஆளுக இன்னும் ஜாதி ஜாதின்னே பேசிக்கிட்டு இருக்கீங்க. இப்ப ஓட்டல்ல யாருண்ணே ஜாதி பாக்குறா? புரோட்டாவைத் தட்டுறது யாரு, குழம்பு வக்கிறது யாருன்னு எவன் கேக்குறான்? அதெல்லாம் அந்தக் காலம்."

நான் சொன்னேன்: "தம்பி, கேட்காமல் தின்கிறீர்கள் என்பது சந்தோஷம். கேட்டுத் தெரிந்த பிறகும் தின்பீர்களா என்பதுதான் கேள்வி." அவர் சிரித்துக்கொண்டே தின்பேன் என்றார். அப்படியே தம் தங்கை குழந்தையின் காதுகுத்துக்கு என்னை அழைத்தார். நானும் போனேன்.

பந்தல் பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு. அதோடு காலத்துக்கேற்றபடி பட்டணத்திலிருந்து மாஸ்டரை அழைத்து வந்து கோபி மஞ்சூரியனும் ஜிகர்தண்டாவும் வைத்திருந்தார்கள். ஊர் ஜனங்கள் மேஜை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பந்தலுக்குப் பின்னால் வைக்கோற்போரை ஒட்டிய நிழலில் தரையிலே ஒரு வரிசை தனியாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டு வயலில் நாற்று நட்டவர்களும், அந்தப் பந்தலுக்குக் குழி தோண்டியவர்களும் அவர்களே. அவர்களுக்கும் அதே கறி, அதே மஞ்சூரியன். பண்டத்தில் வித்தியாசம் இல்லை. இடத்தில்தான் வித்தியாசம், வேளையிலும் வித்தியாசம். ஊர்ப் பந்தி இரண்டு எழுந்த பிறகுதான் அவர்களுக்கு இலை.

நான் ஒரு இலையை எடுத்துக்கொண்டு போய் அந்த வரிசையில் உட்கார்ந்தேன். வீட்டுப் பெரியவர் ஓடிவந்தார். "என்னங்கய்யா, விருந்தாளி நீங்க அங்கிட்டுப் போயி உக்காந்துட்டீக? மேசைக்கு வாங்கய்யா" என்றார். "இங்கேயும் அதே சாப்பாடுதானே, ஐயா" என்றேன். அவருக்குப் பதில் சொல்ல வாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவியோ என்னைப் பார்த்து, "உங்களால எங்களுக்குப் பொல்லாப்பு வந்துறாம" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. என்னுடைய வீரத்தின் விலையை அவள் கொடுக்க நேரிடுமோ என்று பயந்தாள். அவள் பயம் நியாயமானது. நான் பஸ் ஏறிப் போய்விடுகிறவன்.

நம் வாலிபர் கையில் குழம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். கொரியா தேசத்து நூடுல்ஸையும், எந்த நாட்டான் எந்தக் கையால் செய்ததென்று தெரியாத எத்தனையோ பண்டங்களையும் பயமில்லாமல் தின்றவர் அவர். தம் வீட்டுப் பந்தலுக்குப் பின்னாலுள்ள பத்தடி தூரத்தை அவரால் தாண்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தார். எங்கள் இலைகளில் குழம்பு ஊற்றினார். உட்காரவில்லை. பாதித் தைரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாதியை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் பாதி பாதிதான்.

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நாடறிந்த சங்கதிகளையே சொல்லுகிறேன். 2018இல் திருப்பூர் ஜில்லா அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில், சத்துணவு சமைக்க வந்த அம்மையார் தாழ்த்தப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக அவரைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். சர்க்காரின் காலை உணவுத் திட்டம் 2022ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் துவக்கப்பட்டது. ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், தூத்துக்குடி ஜில்லா எட்டயபுரத்துக்குப் பக்கத்திலுள்ள உசிலம்பட்டி என்ற கிராமத்தில், சமைக்கிற அம்மாளின் ஜாதியைக் காட்டிப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. பிறகு மந்திரியும் பார்லிமெண்டு அங்கத்தினரும் அங்கே போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பசித்த குழந்தையின் வாய்க்கும் உப்புமாவுக்கும் நடுவிலே ஜாதி வந்து நிற்கிறதென்றால், அந்த ஜாதியைக் காப்பாற்றுகிறவனை என்னவென்று சொல்வது?

படித்தவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள் என்பீர்கள். அதே 2018ஆம் வருஷம் டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. என்கிற பெரிய கலாசாலையின் சாப்பாட்டு விடுதியொன்றில், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று காகிதம் எழுதி ஒட்டினார்கள். கூச்சல் எழும்பிய பிறகே அதை எடுத்தார்கள். 2024 மார்ச்சில் சொமாட்டோ என்ற கம்பெனியார், சுத்த சைவச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தனி ஆட்கள், அவர்களுக்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வரவே மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டார்கள். ஒருவர் கறி சாப்பிடாமலிருப்பது அவரவர் இஷ்டம். அதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கறி சாப்பிட்டவன் கழுவின தொட்டியிலே கை கழுவக் கூடாது என்பதும், கறிப் பொட்டலம் இருந்த பையிலே தன் பொட்டலம் வரக்கூடாது என்பதும் உணவுப் பழக்கமா, தீட்டா? சேரன்மாதேவியின் சுவர் சிமெண்டு பூசிக்கொண்டு வந்திருக்கிறது; வேறென்ன?

அன்றியும், பார்ப்பனரை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓட்டல் பலகையிலிருந்த பிராமணாள் என்ற சொல்லை அழிக்கக் கூடப் புறப்பட்ட நம் ஜாதிக்காரர்கள்தான், கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தார்கள். ஊரானுக்குக் கண்ணாடிக் குவளை, சேரியானுக்குத் தகரக் குவளை அல்லது சிரட்டை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இவ்வழக்கம் இருந்ததைப் பல சங்கத்தார் நேரில் போய்க் கண்டு வெளியிட்டிருக்கிறார்கள். உத்தப்புரத்தில் சேரியை ஊரிலிருந்து பிரித்த சுவரில் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. இதையெல்லாம் எழுப்பினவர்கள் புரோகிதர்களல்ல. நிலம் வைத்திருக்கிற நாம்தான். இப்பொழுது வழக்குக்குப் பயந்து சில கடைகளில் காகிதக் குவளை வந்திருக்கிறது. காகிதக் குவளை சுகாதாரம் என்கிறார்கள். எல்லாருக்கும் காகிதமென்றால் சுகாதாரம்தான். கண்ணாடிக் குவளை பலகைக்கு மேலே வரிசையாயிருக்க, ஒருவனைக் கண்டதும் மாத்திரம் காகிதத்தை எடுத்தால் அது சுகாதாரமா? பழைய தகரக் குவளை காகித வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்தில் 1938லேயே சமூக ஊனங்களை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது விதி கடை, ஓட்டல், விடுதிகளில் ஜாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆவது விதி தீண்டாமையை ஒழித்தோம் என்கிறது. 1955இல் தண்டனைச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் கதவைத் திறக்கும். பக்கத்தில் உட்கார வைக்காது. உட்காருவது நம்முடைய வேலை.

சற்று யோசித்துப் பாருங்கள். பட்டண ஓட்டலில் ஏன் தைரியம் வருகிறது, கிராமத்துப் பந்தலில் ஏன் போய்விடுகிறது? ஓட்டலில் உங்களை யாருக்கும் தெரியாது. சமைத்தவனை உங்களுக்குத் தெரியாது. ஆகவே அங்கே ஜாதி போனதாக அர்த்தமில்லை. திரைக்குப் பின்னால் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஊரிலே திரை இல்லை. மாமன் பார்க்கிறான், மச்சான் பார்க்கிறான், நாளைக்குப் பெண் கொடுக்கப் போகிறவன் பார்க்கிறான். அவர்கள் பார்வைக்கு அஞ்சுகிறீர்கள். தெரியாமல் தின்ற நாளில் உங்கள் வயிறு ஏதாவது கோளாறு செய்ததா? சோற்றைக் கரைக்கிற உமிழ்நீரும் குடலும் சமைத்தவன் ஜாதியைக் கேட்டதுண்டா? கேட்க வேண்டிய கேள்வி வேறு. கை கழுவினானா? தண்ணீர் சுத்தமா? எண்ணெய் நேற்றையதா இன்றையதா? பாத்திரம் விளக்கினதா? இவைகளைக் கேட்பது பகுத்தறிவு. யார் கை என்று கேட்பது பைத்தியக்காரத்தனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய ஓட்டலில் வெள்ளைத் தட்டில் வைத்து "ஸ்டேக்" என்று கொடுத்தால் நாகரிகம். அதே மாட்டிறைச்சியைச் சேரியில் ஒரு தாய் மண்சட்டியில் வேகவைத்தால் இழிவு என்கிறார்கள். துணிச்சலான புதுச் சுவை வேண்டும் என்று சீமைக்கெல்லாம் தேடிப்போகிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் ஊரிலேயே, அரை மைல் தூரத்திலே, உங்கள் பாட்டன் முப்பாட்டன் யாருமே ருசி பார்த்திராத சமையல் ஒன்று தினமும் நடக்கிறதே, அதைத் தேடிப் போனதுண்டா? கருவாட்டுக் குழம்பும், நண்டு ரசமும், நத்தைக் கறியும், உப்புக்கண்டமும் எப்படியிருக்கும் என்று அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதுண்டா? அங்கே போக விமானமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டலில் ஆண் சமைத்தால் மாஸ்டர் என்று பட்டமும் சம்பளமும். வீட்டில் பெண் மூன்று வேளையும் சமைத்தால் அது அவள் தர்மமாம். வீட்டிலிருக்கிற எல்லாரும் புதுச் சுவை தேடுகிறார்கள், அவள் மட்டும் அடுப்பைத் தேடிப் போகவேண்டும். இரவிலே பொட்டலம் வாங்கி வருவதனால் ஒரு நாள் அவளுக்கு அடுப்பு ஓய்ந்தால், அந்தப் பொட்டலத்தை நான் வாழ்த்துவேன். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது ஆண்பிள்ளை கரண்டியைப் பிடித்தால் இன்னும் அதிகமாக வாழ்த்துவேன்.

ஆகவே நம் தோழர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தாராளமாய்ப் புதியதைச் சாப்பிடுங்கள். அதோடு, உங்கள் வீட்டுக் கலியாணம், காதுகுத்து, புதுமனை எதுவானாலும் ஒரே பந்தி, ஒரே நேரம் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் குவளை பிரிந்திருந்தால், காகிதக் குவளை கொடுக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று நீங்களும் அதையே கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் காரணம் சொல்லட்டும். அதற்கும் திருந்தாவிட்டால் சட்டப்படி புகார் கொடுங்கள்; புகாரில் முதல் கையெழுத்து ஊர்க்காரன் கையெழுத்தாக இருக்கட்டும், பொல்லாப்பு அந்தக் கிழவி தலையில் விழவேண்டாம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடட்டும். தாழ்த்தப்பட்ட தோழரை வீட்டுக்கு அழைத்துப் பெருமையாய்ச் சோறு போடுவது பாதி வேலைதான். அவர் வீட்டுக்குப் போய் அவர் போட்ட சோற்றைச் சாப்பிடுவது மறுபாதி.

அந்த வாலிபர் போன வாரம் மறுபடியும் வந்தார். வெட்கத்தோடு நின்றார். பட்டணத்தில் புதிதாய் ஏதோ ஓட்டல் திறந்திருக்கிறது, போவோமா அண்ணே என்றார். "போவோம் தம்பி. அதற்கு முன்னால் உங்கள் ஊரில், அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டி வீட்டில் ஒரு வேளை கஞ்சி கேட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பகலில், ஊர் பார்க்கக் குடியுங்கள்" என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

யோசிக்கட்டும். யோசிக்கிறவன் ஒரு நாள் உட்காருவான்.